பிளஸ் ஒன் உயிரியல்: படித்தது ஏன் மறந்துபோகிறது?

கேள்வி கேட்ட மாணவி பத்தாம் வகுப்பு அறிவியலில் 94 வாங்கியவள். இப்போது பிளஸ் ஒன், தமிழ் வழி, உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு. காலாண்டுத் தேர்வில் உயிரியலில் 70க்கு 31. "தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறேன். மறுநாள் பார்த்தால் பாதி நினைவில் இல்லை. பெயர்களே ஆயிரம் இருக்கின்றன. டியூஷன் வைத்தால் சரியாகுமா? நீட் எழுதுவேனா என்றும் தெரியவில்லை. எழுதாவிட்டால் இந்தப் பாடத்தை எடுத்ததே வீணா?" என்று கேட்கிறாள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் எடுத்தவன். என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பேசுவது போலவே, 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா.

முதலில் அந்த 31ஐப் பற்றி. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகள் பிளஸ் ஒன் காலாண்டில் சறுக்குவதை நான் ஏறக்குறைய எல்லா வருடமும் பார்த்திருக்கிறேன். காரணம் சோம்பலோ மந்தமோ இல்லை. பத்தாம் வகுப்பு வரை பாடம் சிறியது, வரிக்கு வரி மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். பிளஸ் ஒன்னில் தாவரவியலுக்கு ஒரு புத்தகம், விலங்கியலுக்கு ஒரு புத்தகம், தேர்வில் தலா 35 மதிப்பெண். அதே பழைய முறையில் இதை விழுங்கப் பார்த்தால் தொண்டையில் சிக்கத்தான் செய்யும். நீ படிக்கும் நேரம் போதும். படிக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பொருளைப் பார்க்கும் முன்பே பெயரைப் படிக்கிறாய். ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கும் முன்பே விடையைப் படிக்கிறாய். முகம் தெரியாத ஆயிரம் பேரின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் நினைவில் நிற்கும்?

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். செல் பகுப்புப் பாடத்தை எடுத்துக்கொள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு நிலை, நான்கு படம், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி. இதை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினால், "சார், ஒன்றுமே தெரியவில்லை" என்பார்கள். புத்தகத்தில் இருக்கும் நான்கு படங்களும் வரிசையாக அங்கே நிற்கும் என்று எதிர்பார்த்து வருவதால்தான் அப்படி.

அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து, அடியில் காய்ந்துபோயிருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டிவிடு. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி விளிம்பில் உட்கார வை. மூன்று நாலு நாளில் வெள்ளை வெளேரென்று புது வேர் இறங்கும். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் நுனியோடு இரண்டு சென்டிமீட்டர் நறுக்கி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்துக்கு மூன்று பங்கு ஆல்கஹால் என்று கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வைக்க வேண்டும். செல்கள் என்ன வேலையில் இருந்தனவோ அதே நிலையில் உறைந்துவிடும். இந்தக் கட்டத்திலிருந்து பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், அமிலம் இருக்கிறது. ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டு மூன்று சொட்டு அசிட்டோகார்மைன் சாயம், விளக்கில் லேசான சூடு. வேரின் கடைசி இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மற்ற இடத்தைவிட அடர்த்தியாகச் சிவக்கும். அந்தத் துணுக்குதான் நமக்கு வேண்டியது, செல்கள் பகுபட்டுக்கொண்டே இருக்கும் ஆக்குத்திசு அங்கேதான் இருக்கிறது. மீதியை வெட்டி எறிந்துவிடு. கண்ணாடி வில்லை போட்டு, மேலே வடிதாளை வைத்துக் கட்டை விரலால் அழுத்து. வில்லை நகரக் கூடாது. நகர்ந்தால் செல்கள் சுருண்டுகொள்ளும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது? பெரும்பாலான செல்களில் உருண்டையாக ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். நூல் நூலாக குரோமோசோம் தெரியும் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இந்த இடத்தில் பொறுமை இழக்காமல் ஒரு நோட்டை எடுத்து நூறு செல்களை எண்ணச் சொல்வேன். உருண்டைப் புள்ளியாக இருப்பவை எத்தனை, நூலாகச் சுருங்கத் தொடங்கியவை எத்தனை, நடுவில் வரிசைகட்டி நிற்பவை எத்தனை, இரண்டாகப் பிரிந்து விலகுபவை எத்தனை என்று. எண்ணி முடித்ததும் கேட்பேன்: "ஒரே நேரத்தில் உறைந்துபோன கூட்டம் இது. இதில் அதிகம் பேர் ஒரு நிலையிலும் கொஞ்சம் பேர் வேறொரு நிலையிலும் அகப்பட்டால் என்ன அர்த்தம்?"

சில நிமிடம் அமைதியாக இருப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: "அந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறது சார்." அதேதான். பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு நேரத்தில் போட்டோ எடுத்தால், காத்து நிற்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், படியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருப்பவர் ஒருவரோ இருவரோதான். ஏறுவதற்கு ஒரு நொடி போதும் இல்லையா. மனித செல் ஒன்றுக்கு ஒரு சுழற்சி சுமார் 24 மணி நேரம், அதில் பகுப்பு நடப்பது ஏறக்குறைய ஒரே ஒரு மணி நேரம் என்று புத்தகத்தில் இருக்கும் வரி அப்போதுதான் உயிர் பெறுகிறது. ஒரு பகுப்புக்கும் அடுத்த பகுப்புக்கும் நடுவில் இருக்கும் இடைக்கால நிலை ஏன் அவ்வளவு நீளம், அதில் டிஎன்ஏ இரட்டிப்பாவது ஏன் பகுப்புக்கு முன்பே முடிந்தாக வேண்டும் என்பதெல்லாம் நீயே கேட்கும் கேள்விகளாகிவிடும். அனாஃபேஸ் செல் ஒன்றை ஸ்லைடில் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை அந்தப் பெயரை மறந்து நான் பார்த்ததில்லை.

எல்லாப் பாடத்துக்கும் நுண்ணோக்கி கிடைக்காது என்று சொல்வாய். சரி, எண்களும் கேள்விகளும் எல்லாப் பாடத்திலும் இருக்கின்றன. சிறுநீரகத்தைப் பார். அதில் வடிகட்டும் நுண்ணிய அலகான நெஃப்ரானின் பாகங்களைப் பட்டியலாகப் படித்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்கு 1440 நிமிடம். பெருக்கிப் பார், 180 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான், அதில் பிளாஸ்மா மூன்று லிட்டர் அளவு. நீ ஒரு நாளில் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர். மீதி 178 லிட்டருக்கு மேல் எங்கே போனது?

இந்தக் கேள்வி மனதில் உறைத்துவிட்டால் பாடம் முழுக்கத் தானாக அவிழும். சிறுநீரகத்தின் பெரிய வேலை வெளியே தள்ளுவது இல்லை, திரும்ப எடுத்துக்கொள்வது. முதலில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வேண்டியதைப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்கிறது. வடிந்த திரவம் முதலில் நுழையும் அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில் ஏன் அவ்வளவு நுண்விரல் நீட்சிகள்? உறிஞ்சப் பரப்பு வேண்டும். ஏன் அவ்வளவு மைட்டோகாண்ட்ரியா? குளுக்கோஸையும் உப்பையும் இழுத்து எடுக்க ஆற்றல் வேண்டும். குளுக்கோஸைத் திரும்ப எடுக்கும் கடத்திகளுக்கு ஓர் அளவு உண்டு. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மீதி சிறுநீரில் போய்விடுகிறது. போகும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சர்க்கரை கட்டுப்படாத வீட்டுப் பெரியவர் இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறார், தாகம் தாகம் என்கிறார். நம் முன்னோர்கள் இதற்கு வைத்த பெயர் நீரிழிவு. இழிதல் என்றால் வழிந்து இறங்குவது. பெயரிலேயே நோய்க்குறி இருக்கிறது.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ் வழியில் படிப்பது பாரம் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருக்கலாம். கலைச்சொல்லைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் அது வசதி. சவ்வூடு பரவல் என்ற சொல்லில் சவ்வு இருக்கிறது, ஊடு இருக்கிறது, பரவல் இருக்கிறது. வரையறையில் பாதி அங்கேயே முடிந்தது. ஆஸ்மோசிஸ் என்ற சொல்லை முதல் தடவை கேட்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் தெரியாது. மியாசிஸுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். குன்றுவது எது? குரோமோசோம் எண்ணிக்கை. எதுவாகக் குன்றுகிறது? பாதியாக. இப்படிப் பிரித்துப் படித்த பிள்ளை மைட்டாசிஸையும் மியாசிஸையும் மாற்றி எழுதாது. ஆனால் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனால் வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நீட் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. அதனால் ஒரு நீள நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடம் நடக்க நடக்க எழுதி வா. பிளஸ் டூ கடைசியில் உட்கார்ந்து எழுதலாம் என்று விடாதே. அப்போது நேரம் இருக்காது.

மரபியல் உனக்குப் பிளஸ் டூவில் வரும். கணக்கு எடுத்திருக்கிறாய் என்பதால் அது உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்துக்கொண்டு 1856இலிருந்து 1863 வரை வேலை பார்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்து, இரண்டாம் சந்ததியில் அவர் எண்ணியது 5474 உருண்டை, 1850 சுருக்கம். வகுத்துப் பார், 2.96 வரும். 3:1 என்று மனப்பாடமாகப் படித்ததற்கும், ஏழாயிரத்துச் சொச்சம் விதைகளை ஒரு மனிதர் கையில் உருட்டி உருட்டி எண்ணினார் என்று தெரிந்து படிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. சுருக்கம் ஏன் வருகிறது என்று 1990இல் கண்டுபிடித்தார்கள். ஸ்டார்ச்சைக் கிளைகிளையாக அடுக்கும் ஒரு நொதியின் மரபணுவில் வேறொரு டிஎன்ஏ துண்டு வந்து உட்கார்ந்து அதைக் கெடுத்துவிட்டது. ஸ்டார்ச் ஆக முடியாத சர்க்கரை விதைக்குள் தேங்கி, தண்ணீரை அதிகம் இழுத்து விதையைப் பருக்க வைக்கிறது. முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்குகிறது. சவ்வூடு பரவல், நொதி, மரபணு மூன்றும் ஒரே பட்டாணிக்குள் இருப்பதைப் பார்த்தாயா? பாடங்களைத் தனித்தனிப் பெட்டியாக வைக்காதே என்று நான் சொல்வது இதற்குத்தான்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை நிறைய. ஆவக்காய் ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று கேட்டுப் பார், பிளாஸ்மா சிதைவு புரிந்துவிடும். உப்பு நுண்ணுயிரியின் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. இளநீர் குடிக்கும்போது நினைத்துக்கொள், நீ குடிப்பது கருவுக்கு உணவாகும் கருவூண், செல்சுவர் இன்னும் உருவாகாதது, உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும் திரவம். சுரண்டித் தின்னும் வழுக்கை, சுவர் உருவாகிவிட்ட கருவூண். இரட்டைக் கருவுறுதல் பாடத்தில் மும்மயக் கருவூண் என்று வரும்போது இளநீரின் ருசி நாக்கில் இருக்க வேண்டும். சங்குப்பூ வேலியில் பூத்திருந்தால் ஒன்றைப் பறித்துப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார். மகரந்தத்தாள்கள் பத்தில் ஒன்பது ஒரே கட்டாக ஒட்டியிருக்கும், ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அகத்திப் பூவில் இன்னும் பெரிதாகத் தெரியும், கீரைக்காரம்மாவிடமே கிடைக்கும்.

படம் வரைவதைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைவது நேர விரயம். மூடிவிட்டு வரை. எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் உனக்குப் புரியாத இடம் இருக்கிறது. பிறகு திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு நிற பென்சிலால் சேர். அடுத்த வாரம் மறுபடி மூடி வைத்து வரை. நிறப் பென்சில் கோடுகள் குறைந்துகொண்டே வரும். எழுதிப் பார்ப்பதற்கும் இதே முறைதான். நீ தினமும் செலவழிக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் புத்தகம் மூடியிருக்கும் நேரமாக மாற்று. நேற்றுப் படித்தது, போன வாரம் படித்தது, போன மாதம் படித்தது மூன்றிலிருந்தும் ஒவ்வொரு கேள்வியை எடுத்து எழுது. மறந்துபோனால் பயப்படாதே. மறந்ததை முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது ஆழமாகப் பதிகிறது. மஞ்சள் மார்க்கரால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கம் படித்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டும்தான் தரும்.

இப்போது நீட். 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360, அதாவது 180 கேள்வியில் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று குறையும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள். எழுதுவதா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மேலே சொன்னபடி படித்தால் இரண்டு தேர்வுக்கும் அது ஒரே அடித்தளம். எழுதுவது என்று முடிவுசெய்தால் என்சிஇஆர்டி புத்தகத்தையும் கூடவே வாசிக்க வேண்டியிருக்கும்.

எழுதாவிட்டால் வீணா என்று கேட்டாயே, அந்தக் கேள்விதான் என்னை வருத்தியது. உயிரியல் என்றாலே டாக்டர் என்று பிள்ளைகள் மனதில் நாம்தான் பதிய வைத்துவிட்டோம். வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், நர்சிங், பி.ஃபார்ம் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடக்கிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் சரிபார்த்துக்கொள். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், தோட்டக் கரும்பையும் வயல் ஓரத்து நாணலையும் கலந்து 1918இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பயிர்ப்பெருக்கப் பாடத்தில் நீ படிக்கப்போகும் சிற்றினங்களுக்கு இடையிலான கலப்பு என்பது அதுதான். நம் ஊரில் நடந்த வேலை அது.

இன்னொன்றும் சொல்கிறேன். கதிர் அரிவாள் செல் ரத்தசோகை பிளஸ் டூ பாடத்தில் ஒரு பத்திதான் இருக்கும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது, டிஎன்ஏயில் ஒரே ஓர் எழுத்து மாறியதால். 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தப் பண்பு இருப்பது கண்டறியப்பட்டது. இன்றும் அங்கே குடும்பங்கள் இதோடு வாழ்கின்றன. அந்தக் குடும்பத்து அம்மாவிடம் உட்கார்ந்து, "உங்கள் இரண்டு பேருக்கும் நோய் இல்லாமல் பிள்ளைக்கு ஏன் வந்தது" என்பதை அவருக்குப் புரிகிற தமிழில் விளக்க ஒரு நர்ஸ் வேண்டும், ஒரு ஆய்வக நுட்புநர் வேண்டும், ஒரு பள்ளி ஆசிரியர் வேண்டும். அந்த விளக்கம், பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளைக்கு எப்படி வந்து சேரும் என்று காட்டும் புன்னட் சதுரக் கட்டம்தான். நாலு கட்டம் போடத் தெரிந்தால் போதும், ஆனால் புரிந்து போடத் தெரிய வேண்டும்.

டியூஷன் பற்றி. பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் பாடமே நடக்கவில்லை என்றால் வைத்துக்கொள். பாடம் நடந்தும் மறக்கிறது என்றால், இன்னொருவர் அதே பாடத்தை இன்னொரு தடவை சொல்வதால் பெரிய மாற்றம் வராது. பணத்தை மிச்சம் பிடி. அந்த நேரத்தில் உன் தோழிக்கு நீ பாடம் சொல்லிக்கொடு. அவள் "ஏன்?" என்று கேட்டு நீ திணறும் இடங்களைக் குறித்து வைத்து, மறுநாள் உன் ஆசிரியரிடம் போய்க் கேள். இடைவேளையில் கேள்வியோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் மனசு வராது.

அரையாண்டுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இந்த வாரமே செல் பகுப்பிலிருந்து தொடங்கு. ஞாயிற்றுக்கிழமை இரவு வெங்காயத்தைத் தண்ணீரில் வை, வியாழக்கிழமை காலை வேர் தயாராக இருக்கும். ஆய்வகம் எப்போது காலி என்று தாவரவியல் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வை. தம்ளரில் தண்ணீரைத் தினமும் மாற்ற மறக்காதே, இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். நூறு செல்களை எண்ணி முடித்ததும் எண்ணிக்கையை எனக்கு எழுது.